நேரலைச் செயலியில் வீடியோ சர்ஃபேஸ், மேலடுக்கு, லைஃப்சைக்கிள் கால்பேக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டக் கோயில்களில் தீமிதி, பங்குனி உத்திரம் என்றால் இப்போது நேரலை இல்லாமல் இல்லை. தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கும் அப்படித்தான். தோட்டத்தை விட்டுக் கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்று போன பிள்ளைகள் கைப்பேசியில் பார்க்கிறார்கள். அதற்கென்று சொந்தமாகச் செயலி எழுதும் இளைஞர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. பெரும்பாலும் ஆண்ட்ராய்டு, ஐஃபோனுக்கு ஒரு கேள்வி. நிரலில் வரும் பெயர்களை வாயால் சொல்வதுபோலத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். ஆக்டிவிட்டி என்பது செயலியின் ஒரு திரை; வியூ என்பது அந்தத் திரையில் உள்ள ஒரு பகுதி. திரை திறப்பது, மறைவது, மூடுவது என்று நிலை மாறும்போது சிஸ்டம் நம் நிரலை அழைப்பதுதான் லைஃப்சைக்கிள் கால்பேக்.

சர்ஃபேஸ் என்பது என்ன? அதுவும் ஆக்டிவிட்டியும் ஒன்றாகத்தானே வந்து போகின்றன?

இல்லை. இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் கோளாறுகள் அப்படி நினைப்பதால் வருகின்றன.

சர்ஃபேஸ் என்பது படப் பஃபர்கள் (ஒரு படம் தங்கும் நினைவகத் துண்டுகள்) வரிசையாகப் போய்வரும் தடம். ஒரு முனையில், சுருக்கி வந்த வீடியோவைப் படமாக விரிக்கும் டிகோடர் படத்தை நிரப்பி அனுப்பும். மறு முனையில் சர்ஃபேஸ்ஃபிளிங்கர் என்னும் சிஸ்டம் சேவை அதை எடுத்துத் திரையில் சேர்க்கும். அதை உண்டாக்குவதும் எடுத்துக்கொள்வதும் சிஸ்டம்தான், உங்கள் நிரல் அல்ல. தோட்டத்து லயத்து வீடு மாதிரி: குடியிருக்கலாம், சொந்தமில்லை, காலி பண்ணச் சொன்னால் சாமானை எடுத்துக்கொண்டு உடனே வெளியேற வேண்டும்.

ஆக்டிவிட்டி உயிரோடு இருக்கும்போதே சர்ஃபேஸ் போய்விடலாம். வியூவை மறைத்தாலே போதும், போய்விடும். மாறாக, ஆக்டிவிட்டி நின்றிருக்கும்போதும் சர்ஃபேஸ் அப்படியே இருக்கலாம். ஆகவே இரண்டு நிலைகளையும் தனித்தனியாகக் கவனித்து, இரண்டும் சரியாக இருக்கும்போது மட்டும் படம் காட்டுங்கள்.

சர்ஃபேஸ்வியூவா, டெக்ஸ்சர்வியூவா? எதை எடுப்பது?

வீடியோவுக்குச் சர்ஃபேஸ்வியூ. டெக்ஸ்சர்வியூ எடுக்கத் தனிக் காரணம் வேண்டும்.

சர்ஃபேஸ்வியூவின் படம் உங்கள் விண்டோவுக்குப் பின்னால் தனி அடுக்காக நிற்கும். விண்டோவில் அந்த இடத்தை மட்டும் சிஸ்டம் ஒளிபுகும் ஓட்டையாக வெட்டிவிடும். டிகோடர் தரும் படத்தை ஜிபியு (வரைகலைச் சில்லு) தொடாமலே, திரைக்கான வன்பொருள் நேராக எடுத்துக்கொள்ள முடியும். பேட்டரி மிச்சமாகும், ஃபிரேம் நேரம் துல்லியமாக இருக்கும். எச்டிஆரும், பாதுகாக்கப்பட்ட வீடியோவும் ஒழுங்காக ஓட இந்த வழிதான் வேண்டும். பூச்சட்டி ஊர்வலத்தை மூன்று மணி நேரம் பார்க்கும் அம்மாவின் பழைய கைப்பேசிக்கு இது பெரிய வித்தியாசம்.

டெக்ஸ்சர்வியூ ஆண்ட்ராய்டு 4.0-இல் வந்தது. அதில் ஒவ்வொரு ஃபிரேமும் ஜிபியு டெக்ஸ்சராகி, மற்ற வியூக்களோடு சேர்த்து வரையப்படும். அதனால் சுழற்றலாம், வளைந்த மூலை வெட்டலாம். ஆனால் மின்சாரம் கூடுதல், படம் ஓரிரு ஃபிரேம் தாமதம்.

சர்ஃபேஸ்வியூவை நகர்த்தினால் கறுப்புப் பட்டை தெரிகிறது என்று பழைய புத்தகங்களில் எழுதியிருக்கும். ஆண்ட்ராய்டு 7.0-க்கு முன்பு அது உண்மை. வியூவின் இடமும் சர்ஃபேஸின் இடமும் ஒரே நேரத்தில் மாறாமல் முன்பின்னாக மாறின. 7.0 முதல் சேர்ந்தே மாறுகின்றன. பட்டியலில் உருட்டுவதற்காக மட்டும் டெக்ஸ்சர்வியூவுக்குப் போகத் தேவையில்லை. வளைந்த மூலைதான் வேண்டுமென்றால், பின்னணி நிறத்திலேயே நான்கு மூலை முகமூடிப் படம் ஒன்றைச் சர்ஃபேஸ்வியூவுக்கு மேல் வைத்தால் வேலை முடிந்தது.

ஆண்ட்ராய்டில் வீடியோ ஓட்ட உதவும் மீடியா3 நூலகத்தின் பிளேயர்வியூ இயல்பாகவே சர்ஃபேஸ்வியூவைத்தான் எடுக்கும். அமைப்புக் கோப்பில் சர்ஃபேஸ் டைப்பை யாரோ மாற்றி வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

வீடியோவின் மேல் கோயில் பெயர், அன்னதான நேரம், நன்கொடை விவரம் காட்ட வேண்டும். சர்ஃபேஸிலேயே கேன்வாஸால் எழுதலாமா?

முடியாது. ஒரு சர்ஃபேஸுக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒருவர்தான் படம் அனுப்பலாம். லாக்கேன்வாஸ் ஒரு முறை அழைத்துவிட்டால் அந்தத் தடம் சிபியுவோடு இணைந்துவிடும். சர்ஃபேஸ் அழியும்வரை அந்த இணைப்பை விடுவிக்க முடியாது. பிறகு டிகோடர் வந்து இணைய முயன்றால், ஏற்கெனவே இணைந்திருக்கிறது என்ற பிழை லாகில் (செயலி ஓடும்போது எழுதப்படும் பதிவில்) விழும். அந்த வரியில் எண்கள் இருக்கும்: 1 ஈஜிஎல், 2 சிபியு, 3 மீடியா, 4 கேமரா. இப்போது 2, கேட்பது 3 என்றிருந்தால், யாரோ கேன்வாஸால் தொட்டுவிட்டார்கள். வீடியோ தொடங்குமுன் திரையைக் கறுப்பாக்கலாம் என்று எழுதிய ஒரு வரிதான் பெரும்பாலும் குற்றவாளி.

சரியான வழி எளிது. ஃபிரேம்லேஅவுட்டில் முதலில் சர்ஃபேஸ்வியூ, அதன் பிறகு சாதாரண டெக்ஸ்ட்வியூ. சர்ஃபேஸ் விண்டோவுக்குப் பின்னால் இருப்பதால் எழுத்து தானாகவே மேலே நிற்கும். இதற்காகச் செட்இசட்ஆர்டர்ஆன்டாப் போடாதீர்கள்; போட்டால் வீடியோ விண்டோவுக்கே மேலே ஏறி, எழுத்து, பொத்தான் எல்லாவற்றையும் மூடிவிடும். "எழுத்து காணோம்" என்று வரும் புகாரில் முதலில் தேட வேண்டிய வரி அதுதான்.

இன்னொன்று: எழுத்தை ஓடவிடுவதைத் தவிருங்கள். ஓடும் வரி நொடிக்கு 60 முறை விண்டோ அடுக்கை மாற்றச் சொல்லும். வீடியோவை ஜிபியு இல்லாமல் காட்டி மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போய்விடும். ஐந்து நொடிக்கு ஒரு வரியாக மாற்றிக் காட்டினால் படிக்கவும் வசதி, வயதானவர்களுக்கும் நல்லது.

மூலஸ்தானம் பெரிதாகவும் ஊர்வலம் சிறு கட்டத்திலும் தெரிய வேண்டும். சில கைப்பேசிகளில் சிறிய கட்டம் பெரியதற்குப் பின்னால் போய்விடுகிறதே?

இரண்டு சர்ஃபேஸ்வியூக்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. எது மேலே என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சிறிய கட்டத்துக்குச் செட்இசட்ஆர்டர்மீடியாஓவர்லே என்பதை உண்மை என்று வையுங்கள்.

மட்டங்களைத் தெரிந்துகொண்டால் குழப்பம் தீரும். விண்டோ 0. சாதாரணச் சர்ஃபேஸ்வியூ அதற்குப் பின்னால் -2. மீடியா ஓவர்லே -1. ஆன்டாப் +1. எனவே சிறிய கட்டம் பெரிய வீடியோவுக்கு மேலேயும், உங்கள் எழுத்துக்கும் பொத்தானுக்கும் கீழேயும் நிற்கும். அதுதான் வேண்டியது.

இந்த வரியை எங்கே எழுதுகிறோம் என்பதும் முக்கியம். விண்டோ இணைக்கப்படுவதற்கு முன், அதாவது ஆன்கிரியேட்டில், லேஅவுட் வந்த கையோடு எழுதுங்கள். பொத்தான் அழுத்தும்போது இரண்டையும் இடம் மாற்றலாம் என்று நினைத்துப் பிறகு அழைத்தால், பழைய பதிப்புகளில் அது காதிலேயே விழாது. ஆன்டாப்பை ஓடும்போது மாற்றும் வசதி ஆண்ட்ராய்டு 11-இல்தான் வந்தது. பெரியது சிறியதாக மாற வேண்டுமென்றால், வியூக்களை அப்படியே விட்டுவிட்டு, எந்தப் பிளேயர் எந்த வியூவுக்கு என்பதை மாற்றுங்கள். மீடியா3-இல் அதற்குப் பிளேயர்வியூவின் சுவிட்ச்டார்கெட்வியூ இருக்கிறது.

இரண்டு வீடியோ என்றால் இரண்டு டிகோடர். விலை குறைந்த கைப்பேசியில் இரண்டாவது கிடைக்காமலும் போகலாம். கெட்மேக்ஸ்சப்போர்டட்இன்ஸ்டன்ஸஸ் (ஏபிஐ 23 முதல்; ஏபிஐ எண் என்பது ஆண்ட்ராய்டு பதிப்பின் வரிசை எண், 23 என்றால் 6.0) தருவது மேல் வரம்பு மட்டும். வேறு செயலி டிகோடரைப் பிடித்திருந்தால் அதுவும் குறையும். இரண்டாவது திறக்காவிட்டால் சிறு கட்டத்தை மறைத்துவிட்டு முதலாவதை ஓடவிடுங்கள். முழுச் செயலியும் விழ வேண்டியதில்லை.

கோலம், அனிமேஷன் வரையத் தனியாக ஒளிபுகும் சர்ஃபேஸ் வேண்டும். பின்னணி கறுப்பாகவே வருகிறது.

இரண்டு செயல்கள் விட்டுப்போயிருக்கும். சர்ஃபேஸ்ஹோல்டரின் வடிவத்தை டிரான்ஸ்லூசென்ட் ஆக்க வேண்டும். ஒவ்வொரு ஃபிரேமிலும் முதலில் ஆல்ஃபா 0 நிறத்தால் துடைக்க வேண்டும். துடைக்காமல் விட்டால், பஃபர்கள் சுழன்று வருவதால் இரண்டு மூன்று ஃபிரேமுக்கு முந்தைய கோடுகள் பேய்போல் தெரியும்.

அளவைச் சுருக்குங்கள். 1080-க்கு 2400 பிக்சல் திரை முழுக்க ஒரு நிறச் சர்ஃபேஸ் என்றால், பிக்சலுக்கு 4 பைட் வீதம் ஒரு பஃபருக்கு 1,03,68,000 பைட். மூன்று பஃபர் என்றால் 31 எம்பி. அடியில் 1080-க்கு 160 பட்டை மட்டும் என்றால் மூன்றுக்கும் சேர்த்து 2 எம்பி. இது நினைவகத்தோடு நிற்பதில்லை. திரை வன்பொருள் நேராகக் கையாளும் அடுக்குகளின் எண்ணிக்கை அளவானது. நான்கு அடுக்கு என்பது ஆண்ட்ராய்டு எதிர்பார்க்கும் அடிப்படை, நிலைப்பட்டையும் வழிசெலுத்தல் பட்டையும் அதில் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளும். மிஞ்சினால் ஜிபியு எல்லாவற்றையும் கலக்கத் தொடங்கும். கைப்பேசி ஏன் சுடுகிறது என்று தெரியாதபோது, கணினியில் இணைத்து ஏடிபி ஷெல் டம்ப்சிஸ் சர்ஃபேஸ்ஃபிளிங்கர் என்று ஓட்டிப் பாருங்கள். உங்கள் வீடியோ அடுக்குக்கு நேரே டிவைஸ் என்றிருந்தால் நல்லது. கிளையன்ட் என்றிருந்தால் ஜிபியு வேலை செய்கிறது. ஓர் அடுக்கைக் குறைத்துப் பாருங்கள்.

மேலடுக்கில் தமிழ் எழுத்து உடைகிறது, கீழ்ச்சுழி வெட்டுப்படுகிறது. ஏன்?

இவை இரண்டும் வெவ்வேறு கோளாறு. நம் மக்கள் படிக்கும் எழுத்து என்பதால் இதில் அலட்சியம் கூடாது.

உடைவது, ஒவ்வொரு குறியாகப் பிரித்து வரைவதால். "தீமிதி" என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஆறு குறி. தட்டச்சு விளைவுக்காக ஒவ்வொன்றாகக் காட்டினால் இடையில் "த" மட்டும் நிற்கும், பிறகு ஈகாரக் குறி வந்து ஒட்டும். "கொ" போன்றவற்றில் கொம்பு முன்னால் குதிக்கும். பிரேக்இட்டரேட்டரின் கேரக்டர் இன்ஸ்டன்ஸைக் கொண்டு முழு எழுத்தாகப் பிரியுங்கள். ஓப்பன்ஜிஎல்லில் வரைபவர்கள் எழுத்துருப் படத்திலிருந்து எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டும் முறையைத் தமிழுக்குப் பயன்படுத்தவே வேண்டாம். முழு வரியையும் ஸ்டேட்டிக்லேஅவுட்டால் ஒரு பிட்மேப்பில் வரைந்து, அந்தப் பிட்மேப்பை டெக்ஸ்சராக ஏற்றுங்கள்.

வெட்டுப்படுவது உயரக் கணக்கால். கைப்பேசியின் முதன்மை எழுத்துரு இலத்தீனுக்கானது. தமிழ் மாற்று எழுத்துருவிலிருந்து வருகிறது. நீங்கள் கேட்கும் உயரம் முதன்மை எழுத்துருவுடையது. அதனால் "ழு", "மூ", "ரு" போன்றவற்றின் அடி அறுபடும். டெக்ஸ்ட்வியூவில் ஃபால்பேக்லைன்ஸ்பேசிங் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டேட்டிக்லேஅவுட்டில் யூஸ்லைன்ஸ்பேசிங்ஃபிரம்ஃபால்பேக்ஸை இயக்குங்கள். இரண்டும் ஏபிஐ 28 முதல். அதற்குக் கீழே இருந்தால், எழுத்து அளவில் கால் பங்கு இடத்தை மேலும் கீழும் விடுங்கள். அல்லது ஒரு தமிழ் எழுத்துருவைச் செயலியோடு சேர்த்து அதையே முதன்மையாக்குங்கள். அது எல்லாக் கைப்பேசியிலும் ஒரே தோற்றத்தைத் தரும்.

கால்பேக்குகள் எந்த வரிசையில் வரும்? பிளேயரை எங்கே திறந்து எங்கே விடுவது?

முதல்முறை திறக்கும்போது ஆன்கிரியேட், ஆன்ஸ்டார்ட், ஆன்ரெஸ்யூம், அதன் பிறகு சர்ஃபேஸ்கிரியேட்டட், சர்ஃபேஸ்சேஞ்டு. ஆன்ரெஸ்யூமில் சர்ஃபேஸ் தயாராக இருக்கும் என்று எதிர்பார்த்து எழுதினால், முதல் திறப்பிலேயே விழும். வெளியேறும்போது ஆன்பாஸ் வந்த பிறகு சர்ஃபேஸ்டெஸ்ட்ராய்டு வரும். அது ஆன்ஸ்டாப்புக்கு முன்னா பின்னா என்பதை நம்பி எதையும் எழுதாதீர்கள்.

ஆண்ட்ராய்டு 7.0 முதல் பிளேயரை ஆன்ஸ்டார்ட்டில் திறந்து ஆன்ஸ்டாப்பில் விடுங்கள். திரையை இரண்டாகப் பிரித்து ஒருபுறம் வாட்ஸ்ஆப், மறுபுறம் நேரலை என்று வைத்திருப்பவர் வாட்ஸ்ஆப்பைத் தொட்டால் உங்கள் ஆக்டிவிட்டிக்கு ஆன்பாஸ் வரலாம், ஆனால் படம் கண்ணெதிரே இருக்கிறது. அப்போது நிறுத்தினால் கோபம் வரத்தான் செய்யும். 6.0-க்கும் கீழுக்கும் ஆன்ரெஸ்யூமில் திறந்து ஆன்பாஸில் விட வேண்டும். அவற்றில் ஆன்ஸ்டாப் கட்டாயம் வரும் என்ற உறுதி இல்லை.

சர்ஃபேஸ்சேஞ்டு ஒரு முறையாவது நிச்சயம் வரும். அகலம், உயரம் தேவைப்படும் வேலையெல்லாம் அங்கே, கிரியேட்டடில் அல்ல. கால்பேக்கைத் தாமதமாகச் சேர்த்தால் கிரியேட்டட் ஏற்கெனவே போயிருக்கும். அப்படிச் சேர்க்க நேர்ந்தால் கெட்சர்ஃபேஸின் ஈஸ்வேலிட் உண்மையா என்று பார்த்து, உண்மையானால் கிரியேட்டட் வந்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சர்ஃபேஸ்டெஸ்ட்ராய்டில் என்ன செய்ய வேண்டும்?

அது முடிந்து திரும்பிய நொடியிலிருந்து அந்தச் சர்ஃபேஸை யாரும் தொடக் கூடாது. இதுதான் ஒரே விதி. தொடும் வேலை வேறு திரெட்டில் (பக்கத்தில் தனியாக ஓடும் நிரல் ஓட்டத்தில்) நடந்தால், "நிறுத்து" என்று ஒரு கொடியை மாற்றிவிட்டுத் திரும்புவது போதாது. அந்தத் திரெட் உண்மையில் கையெடுத்துவிட்டது என்று தெரியும்வரை உள்ளேயே காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிகோடர் அடுத்த ஃபிரேமை வெளியிடும்போது இல்லீகல்ஸ்டேட்எக்செப்ஷன் வரும். பத்துத் தடவையில் ஒரு தடவை மட்டும் வரும் கோளாறு இது. உங்கள் மேசையில் வராது, திருவிழா அன்று வரும்.

ஆனால் இந்தக் கால்பேக் ஓடுவது முதன்மைத் திரெட்டில். அதிக நேரம் காத்திருந்தால் செயலி பதிலளிக்கவில்லை என்ற பெட்டி வந்துவிடும். மீடியா3 தானாக இந்தக் காத்திருப்பைச் செய்கிறது; இயல்பு வரம்பு 2 நொடி. செட்வீடியோசர்ஃபேஸ்வியூ கொடுத்தால் வரவுபோக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். வெறும் சர்ஃபேஸைச் செட்வீடியோசர்ஃபேஸில் கொடுத்தால், அழியும்போது நல் (வெற்று மதிப்பு) கொடுத்து விடுவிப்பது உங்கள் பொறுப்பு.

மீடியா3 இல்லாமல், டிகோடரை இயக்கும் மீடியாகோடெக்கை நேரடியாக எழுதுபவர்கள் ஏபிஐ 23 முதல் செட்அவுட்புட்சர்ஃபேஸால் டிகோடரை மூடாமலே வேறு சர்ஃபேஸுக்கு மாற்றலாம். திரும்பி வரும்போது படம் உடனே வரும். ஆனால் சில மாடல்களில் இந்த அழைப்பு ஒழுங்காக வேலை செய்வதில்லை. மீடியா3-இன் மூல நிரலிலேயே அத்தகைய மாடல்களுக்கு விலக்குப் பட்டியல் இருக்கிறது. தோல்வியடைந்தால் மூடித் திறக்கும் வழியையும் எழுதி வையுங்கள்.

தாவலை மாற்றித் திரும்பினால் ஒரு நொடி கறுப்பாகிறது.

வியூவை கான் அல்லது இன்விசிபிள் ஆக்குகிறீர்கள், சர்ஃபேஸ் அழிகிறது. மறைக்க வேண்டுமென்றால் அதன் மேல் ஒரு திண்ணமான வியூவை வையுங்கள். ஆண்ட்ராய்டு 14 முதல் செட்சர்ஃபேஸ்லைஃப்சைக்கிளில் ஃபாலோஸ் அட்டாச்மென்ட் கொடுத்தால், மறைத்தாலும் சர்ஃபேஸ் நிற்கும். நினைவகமும் பிடித்துக்கொண்டே நிற்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பவர் பொத்தானை அழுத்தித் திரையை அணைத்தால்?

ஆன்பாஸ் வரும், சர்ஃபேஸ்டெஸ்ட்ராய்டு வராமல் போகலாம். சர்ஃபேஸ் உயிரோடு இருக்கும். வரைந்துகொண்டே இருந்தால் இருட்டில் பேட்டரி கரையும். வரைவதை நிறுத்தச் சர்ஃபேஸ்டெஸ்ட்ராய்டை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு இது தெரிவதே இல்லை. லைஃப்சைக்கிள் கால்பேக்கிலும் நிறுத்துங்கள். இன்னொரு சிக்கலும் உண்டு: வீடியோ கிடைமட்டத்தில், பூட்டுத்திரை நெடுக்கில் என்றால், திறக்கும்போது ஆக்டிவிட்டியே அழிந்து புதிதாக வரலாம்.

பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை தானாக அணையாமல் இருக்கக் கீப்ஸ்கிரீன்ஆனைச் சர்ஃபேஸ்வியூவில் வையுங்கள். வேக்லாக் அனுமதி கேட்கத் தேவையில்லை. நிறுத்தி வைத்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

கைப்பேசியைத் திருப்பினால் வீடியோ முதலிலிருந்து இணைகிறது.

திருப்பும்போது ஆக்டிவிட்டி அழிந்து பிறக்கிறது. பிளேயரை வியூமாடலிலோ சேவையிலோ வைத்து, புதிய வியூவைப் பிளேயரோடு இணைப்பது ஒரு வழி. மேனிஃபெஸ்ட்டில் (செயலியின் விவரங்களைச் சிஸ்டத்துக்குச் சொல்லும் கோப்பு) கான்ஃபிக்சேஞ்சஸில் ஓரியன்டேஷன், ஸ்கிரீன்சைஸ், ஸ்மாலஸ்ட்ஸ்கிரீன்சைஸ், ஸ்கிரீன்லேஅவுட் நான்கையும் சேர்ப்பது மற்றது. ஓரியன்டேஷன் மட்டும் எழுதினால் வேலை நடக்காது. நான்கும் இருந்தால் பெரும்பாலும் சர்ஃபேஸ்சேஞ்டு மட்டும் வரும். வீடியோ ஒன்றே உள்ள திரைக்கு இந்த இரண்டாவது வழி போதும்.

ஹோம் போய்த் திரும்பினால் சத்தம் வருகிறது, படம் கறுப்பு. நம் பக்கம் லைன் மோசமாக இருப்பதாலா?

சத்தம் வருகிறதென்றால் லைன் குற்றமில்லை, சர்ஃபேஸ்தான். பிளேயர் பழைய, அழிந்துபோன சர்ஃபேஸைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. புதிய சர்ஃபேஸ்கிரியேட்டடில் மீண்டும் கொடுக்கிறீர்களா என்று பாருங்கள். சத்தமும் இல்லை, படமும் இல்லை என்றால் பிளேயரின் நிலையைப் பாருங்கள்: பஃபரிங் என்றால் லைன், ரெடி என்றால் நிரல். ஆன்ரெண்டர்டுஃபர்ஸ்ட்ஃபிரேம் வந்ததா என்பதை லாகில் எழுதி வைத்தால் தொலைவிலிருந்து புகார் வரும்போதும் பிரித்துச் சொல்லலாம்.

மூன்றாவது ஒன்று சர்ஃபேஸ் கோளாறு மாதிரியே தெரியும், ஆனால் அல்ல. நிறுத்தி வைத்துப் பல நிமிடம் கழித்துத் திரும்பினால், நேரலையின் பழைய துண்டுகள் சர்வரில் இருக்காது. பிஹைண்ட்லைவ்விண்டோ என்ற பிழை வரும். அதற்குச் சீக்டுடிஃபால்ட்பொசிஷன், பிறகு பிரிப்பேர். அவ்வளவுதான்.

திரை அணைந்த பிறகும் தேவாரம், மேளம் கேட்க வேண்டும். படம் தேவையில்லை.

மீடியாசெஷன்சர்வீஸில் பிளேயரை வைத்து, முன்னணிச் சேவையாக ஓட்டுங்கள். ஆண்ட்ராய்டு 14 முதல் சேவையின் வகை மீடியாபிளேபேக் என்று மேனிஃபெஸ்ட்டில் எழுதியே ஆக வேண்டும்.

இங்கே பலர் விடுவது: சர்ஃபேஸ் இல்லாவிட்டாலும் வீடியோ தரவிறங்கிக்கொண்டேதான் இருக்கும். நொடிக்கு 1.5 மெகாபிட் வீடியோ மணிக்கு 675 எம்பி. 128 கிலோபிட் ஒலி மட்டும் என்றால் மணிக்கு 58 எம்பி. பின்னணிக்குப் போகும்போது டிராக் தேர்வில் வீடியோ வகையை முடக்கி, திரும்பும்போது இயக்குங்கள். ஒலி தனித் தடமாக அனுப்பப்பட்டால்தான் இந்த மிச்சம் கிடைக்கும், ஒரே துண்டில் கலந்திருந்தால் கிடைக்காது. ப்ரீபெய்டில் இருக்கும் தோட்டத்துப் பெரியவர்களுக்காக இதைச் செய்துகொடுக்க வேண்டும்.

சிறு மிதக்கும் கட்டத்தில் ஓட வைப்பது எப்படி?

பிக்சர்இன்பிக்சர். கைப்பேசிகளில் ஆண்ட்ராய்டு 8.0 முதல். மேனிஃபெஸ்ட்டில் அனுமதித்து, முன்பு சொன்ன நான்கு கான்ஃபிக்சேஞ்சஸையும் சேருங்கள். கட்டத்தின் விகிதம் 1:2.39 முதல் 2.39:1 வரைதான், அதைத் தாண்டினால் பிழை. நுழையும்போது ஆன்பாஸ் வரும், ஆன்ஸ்டாப் வராது. ஆன்பாஸில் நிறுத்துகிறவர்களின் வீடியோ கட்டத்துக்குள் உறைந்து நிற்பது இதனால்தான். பயனர் கட்டத்தை மூடினால் ஆன்ஸ்டாப் வரும், அங்கே நிறுத்துங்கள்.

கட்டம் சிறியது. நன்கொடை வரி, பொத்தான் எல்லாவற்றையும் ஆன்பிக்சர்இன்பிக்சர்மோட்சேஞ்டில் மறைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் செட்ஆட்டோஎன்டர்எனேபிள்டு இருக்கிறது. ஹோம் சைகையோடு மென்மையாகச் சுருங்கும். சோர்ஸ்ரெக்ட்ஹின்டில் வீடியோ இருக்கும் இடத்தைக் கொடுத்தால் மாற்றம் சுத்தமாக இருக்கும். நினைவகம் குறைந்த கைப்பேசிகளில் இந்த வசதி இல்லாமல் இருக்கலாம். பொத்தானைக் காட்டுமுன் கேட்டுப் பாருங்கள்.

எல்லாச் செயலிக்கும் மேலே நாமே ஒரு விண்டோ போடலாமே?

போடலாம், போடாதீர்கள். டைப்அப்ளிகேஷன்ஓவர்லே (ஏபிஐ 26 முதல்) கேட்க, பயனர் அமைப்புகளுக்குள் போய்த் தனியாக அனுமதி தர வேண்டும். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். ஆண்ட்ராய்டு 12 முதல், 0.8-ஐவிட அடர்த்தியான ஓவர்லே ஊடாகப் போகும் தொடுதலைச் சிஸ்டம் தடுத்துவிடும். மோசடிச் செயலிகள் வங்கித் திரைமேல் பொய்த்திரை போடப் பயன்படுத்தும் அனுமதியும் இதுவே. கோயில் பெயரில் வரும் செயலி அதைக் கேட்கக் கூடாது. பிக்சர்இன்பிக்சர் போதும்.

யூடியூப் நேரலையைச் செயலிக்குள் பதித்து, மேலே நம் பட்டையை வைக்கலாமா?

கூடாது. பதித்த பிளேயரின் எந்தப் பகுதியையும் மறைக்கும்படி எதையும் மேலே வைக்கக் கூடாது என்பது யூடியூபின் ஏபிஐ விதி. பிளேயர் 200-க்கு 200 பிக்சலுக்குக் குறையவும் கூடாது. பட்டையைக் கீழே தனியாக வையுங்கள். அல்லது அனுப்பும் இடத்திலேயே, ஓபிஎஸ் போன்ற மென்பொருளில், படத்தோடு சேர்த்துவிடுங்கள்.

மேளக்காரர் கை விட்டுவிட்டு நகர்கிறதே?

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். குழல் விளக்கு மினுக்காமல் இருக்கக் கேமராவை 25 ஃபிரேமில் வைத்திருப்பார்கள், அது சரிதான். ஆனால் 60 ஹெர்ட்ஸ் திரையில் 25 ஃபிரேம் சமமாகப் பிரியாது: சில ஃபிரேம் இரண்டு முறை, சில மூன்று முறை என்று கலந்து வரும். ஏபிஐ 30 முதல் சர்ஃபேஸின் செட்ஃபிரேம்ரேட்டில் 25, ஃபிக்ஸ்டு சோர்ஸ் என்று சொல்லுங்கள். 50 அல்லது 100-க்கு மாறக்கூடிய திரை மாறும். மாறாத திரைக்கு, கேமராவையே 50 ஃபிரேமில் வைத்தால் ஓரளவு மென்மையாகும், ஆனால் லைனும் டிகோடரும் தாங்க வேண்டும்.

திரைப்பிடிப்பில் வீடியோ இடம் மட்டும் கறுப்பு.

வியூவை வரைந்து எடுத்தால் ஓட்டைதான் வரும். பிக்சல்காப்பி (ஏபிஐ 24) சர்ஃபேஸிலிருந்து நேராக எடுக்கும். எழுத்தும் வேண்டுமென்றால் விண்டோவைத் தனியாக எடுத்து அதன்மேல் சேருங்கள். செட்செக்யூர் போட்டிருந்தால் எந்த வழியிலும் வராது.

ஐஃபோனில்?

அங்கே சர்ஃபேஸ் வரவுபோக்கு இல்லை. ஏவிபிளேயர்லேயர் மேல் சாதாரண வியூ வைத்தால் போதும். பின்னணியில் ஒலி தொடர, ஒலி அமர்வைப் பிளேபேக் ஆக்கி, பின்னணி முறையில் ஆடியோவை இயக்கி, பின்னணிக்குப் போகும்போது லேயரின் பிளேயரை நில் (வெற்று மதிப்பு) ஆக்குங்கள். திரும்பும்போது மறுபடி கொடுங்கள். பின்னணிக்குப் போகும்போது அப்படி விடுவிக்காவிட்டால் வீடியோ தானாக நின்றுவிடும். சொந்தமாக ஓப்பன்ஜிஎல்லில் மேலடுக்கு வரைபவர்கள் பின்னணிக்குப் போகுமுன் வரைவதை நிறுத்தியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சிஸ்டம் செயலியைக் கொன்றுவிடும்.

திருவிழாவுக்கு முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

வேகமான புதுக் கைப்பேசியில் மட்டும் சோதித்து அனுப்பாதீர்கள். ஊரில் பெரியவர்கள் வைத்திருக்கும் பழைய 2 ஜிபி கைப்பேசி ஒன்றை இரவல் வாங்குங்கள். டெவலப்பர் ஆப்ஷனில் ஆக்டிவிட்டிகளை வைத்திருக்காதே என்பதை இயக்கி, ஹோம் போய்த் திரும்புங்கள். கிடைமட்டத்தில் ஓடும்போது திரையை அணைத்துப் பூட்டைத் திறங்கள். இரண்டாகப் பிரித்து மறுபுறத்தைத் தொடுங்கள். அழைப்பு வரச் செய்து எடுத்துப் பேசிவிட்டுத் திரும்புங்கள். பேசும்போது மேளச் சத்தம் அடங்க, பிளேயர் கட்டும்போதே ஆடியோ ஃபோகஸைக் கையாளும்படி சொல்லியிருக்க வேண்டும். ஏர்பிளேன் முறையில் ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். பிக்சர்இன்பிக்சருக்குள் பத்துப் பன்னிரண்டு முறை வேகவேகமாகப் போய் வாருங்கள். கடைசியாக, சார்ஜர் இல்லாமல் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, கைப்பேசி சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்து, டம்ப்சிஸில் வீடியோ அடுக்கு இன்னும் டிவைஸ் என்றே இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.